தெரிந்தவர்கள் எழுந்திருக்கலாம்

பீருக்கு மார்க் போடுகிற வேலை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஓசியில் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற வேலை என்று நினைப்பு. அந்த மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையில் காபி கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, கை கழுவுகிற சோப்பில்கூட மணம் கூடாது. வாசலிலேயே போனை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எல்லோரும் மார்க் எழுதி முடிக்கிறவரைக்கும் முகம் சுளிக்கக்கூடாது, சப்புக்கொட்டக்கூடாது. சாவு வீடுகூட அதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

இத்தனைக்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கண்ணாடிக் குவளைகளில் ஊற்றியதும் தலைமை நடுவர் மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "தெரிஞ்சவங்க எழுந்திருக்கலாம்" என்பார். மோந்து பார்த்ததுமே இது இன்னார் காய்ச்சினது என்று யாருக்காவது பிடிபட்டுவிட்டால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எழுந்து போனவருக்கு மரியாதை கூடத்தான் செய்யும். தெரிந்தும் உட்கார்ந்திருந்து மாட்டிக்கொண்டவருக்கு அப்புறம் எந்த மேஜையிலும் நாற்காலி கிடையாது.

அக்காக்காரி பல வருடமாக அந்த மேஜையில் உட்காருகிறவள். பிழைப்புக்குப் பழச்சாறு ஃபேக்டரியில் ருசி பார்த்துச் சொல்கிற வேலை. துளி சர்க்கரை கூடினாலும் அவள் நாக்குக்குத் தப்பாது. எதிர்வீட்டுக்காரர் காய்ச்சின பீர் என்று ஒரு தடவை எழுந்து போயிருக்கிறாள். வெறும் சந்தேகத்துக்காக இன்னொரு தடவை எழுந்து போயிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்குக் காலையில் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு பீச் பழம் போட்ட பீர்களுக்கான போட்டி. மேஜையில் நான்கு பேர். தலைமை நடுவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்' என்று பெயர். நுரை எத்தனை விரல்கடை நிற்கிறது என்று நிஜமாகவே அளந்து பார்க்கிற ஆள். அவருக்கு வலப்பக்கம் மருந்துக்கடைக்காரர், இடப்பக்கம் பேக்கரிக்காரம்மா, எதிரே அக்காக்காரி.

ஐந்தாறு குவளைகள் வந்து போயின. ஒன்று சோப்பு மாதிரி, ஒன்று பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற மிட்டாய் மாதிரி, ஒன்றில் பீச்சைத் தேடிக் கண்டுபிடிக்க ஆளே அனுப்ப வேண்டும். பேக்கரிக்காரம்மா எழுதுகிறதை நிறுத்திவிட்டுக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் குவளை வந்தது.

அக்காக்காரி மூக்கருகே கொண்டுபோனாள். நன்றாகக் கனிந்த பீச், தோலோடு கடித்தால் வருகிற வாசனை. அதற்கு அடியில், மெல்லிசாக, அடிப்பிடித்த வாசனை.

அந்த அடிப்பிடித்த வாசனையை அவளுக்குத் தெரியும். தம்பிக்காரன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் பெரிய வாணலியில் பீச்சைக் கூழாக்கிக் கிண்டிக்கொண்டே யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கூழ் அடிப்பிடித்துவிட்டது. அவன் பெண்டாட்டி தலையில் கையை வைத்துக்கொண்டாள். இவனோ ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான்டி விசேஷம், யாருக்கும் வராது" என்று சொல்லி, வேண்டுமென்றே அடுத்த வாணலியையும் அடிப்பிடிக்க விட்டான். அவன் சொன்னது சரிதான். அந்த வாசனை யாருக்கும் வரவில்லை, அவன் ஒருவனுக்குத்தான் வந்திருந்தது.

"தெரிஞ்சவங்க எழுந்திருக்கலாம்" என்றார் ஸ்கேல்.

எழுந்திருக்க வேண்டியதுதானே, ஒரு நொடி வேலை. ஆனால் இவள் எழுந்தால் இவள் இடத்தில் வந்து உட்காரப் போகிற மாற்று நடுவர் கருகல் என்றாலே காத தூரம் ஓடுகிறவர். அவர் போடுகிற மார்க்கில் தம்பிக்காரன் முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக இந்த பீரே கதி என்று கிடக்கிறான். மெடல் வாங்கினால் தன் கடைகள் எல்லாவற்றிலும் வைக்கிறேன் என்று பெரிய கடைக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மெடல் இல்லையென்றால் பழைய வேலைக்குப் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்குச் சதை ஆடியது, கால்தான் ஆடவில்லை.

ஸ்கேலின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் குனிந்து மார்க் எழுதினாள். அந்தப் போட்டியில் அதுவரைக்கும் அவள் போட்டதிலேயே அதுதான் பெரிய மார்க்.

எழுதி முடித்துப் பேச ஆரம்பித்தபோது மருந்துக்கடைக்காரர் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேசுவதற்கே கூச்சப்படுகிற மனிதர் அவர்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிப்பு இவ்வளவு மிச்சம் இருக்கே. பாட்டில் அடியில ஈஸ்ட்டும் படிஞ்சிருக்கு. ஈஸ்ட் சாகலைன்னா சர்க்கரையைத் தின்னுட்டு கேஸைத்தானே விடும்? இது மூடின பாட்டிலுக்குள்ள அடங்குமா?"

"சார், நீங்க மாத்திரைக்கு மார்க் போடற மாதிரியே போடறீங்க" என்றாள் அக்காக்காரி. "பீச்சுன்னா இனிக்கத்தானே செய்யும். புளிச்சா புளிப்புங்கறது, இனிச்சா இனிப்புங்கறது. அப்புறம் என்னதான் காய்ச்சறது அவங்க?"

பேக்கரிக்காரம்மா சிரித்துவிட்டாள். ஸ்கேல்கூட உதட்டோரம் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் தானும் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, தன் மார்க்கை அடித்து இரண்டு கூட்டி எழுதினார். அந்த பீர் இறுதிச் சுற்றுக்குப் போயிற்று.

மத்தியானம் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார்கள். அக்காக்காரிக்கு ரொட்டி இறங்கவில்லை. காலையில் தம்பிக்காரன் போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான்: "சாயங்காலம் கடைக்காரர் வண்டி வருதுக்கா. மெடல் படம் போட்டே லேபிள் அடிச்சாச்சு. உன் தம்பி பொண்டாட்டியும் பாப்பாவும் பின்னறையில உக்காந்து ஒட்டிக்கிட்டிருக்காங்க." பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைக்கிறியேடா என்று திட்டினாள். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். இப்போது இதே கட்டடத்தில், மூன்று கதவு தள்ளி, காய்ச்சினவர்களை உட்கார வைத்திருக்கிற கூடத்தில், நகத்தைக் கடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

இறுதிச் சுற்றுக்கு ஒவ்வொருவருடைய இரண்டாவது பாட்டிலைத் திறப்பார்கள். ஊற்றிக் கொடுக்கிறவர் தம்பிக்காரனுடைய எண் போட்ட பாட்டிலை எடுத்து மூடியை நெம்பினார். அவ்வளவுதான், புஸ்ஸென்று நுரை பொங்கி அவர் கையை நனைத்து, மேஜை விரிப்பை நனைத்து, ஸ்கேலின் சட்டைவரைக்கும் தெறித்தது. பாதி பீர் மேஜையில் ஓடிற்று.

"மன்னிச்சுக்குங்க, ஆட்டிட்டேன் போலிருக்கு" என்று துணியைத் தேடினார் அவர்.

மிச்சம் இருந்ததை நான்கு குவளைகளில் பங்கு போட்டார்கள். "தெரிஞ்சவங்க எழுந்திருக்கலாம்" என்றார் ஸ்கேல், சட்டையைத் துடைத்துக்கொண்டே. இந்தத் தடவையும் அவள் எழுந்திருக்கவில்லை. நனைந்தவனுக்கு ஏது ஈரம்.

ஒரு வாய் எடுத்தாள். இனிப்பைக் காணோம். சுத்தமாகக் காணோம். நாக்கைக் குத்துகிற கேஸ், வறட்டுக் கசப்பு, அடிப்பிடித்த வாசனை மட்டும் முன்னைவிடத் தூக்கலாக. பீச் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"இது வேற பீருங்க" என்றாள் பேக்கரிக்காரம்மா. "காலையில குடிச்சது பாயசம் கணக்கா இருந்துச்சு. நம்பரை மாத்திட்டாங்க."

ஸ்கேல் எண்ணைச் சரிபார்த்தார். "அதேதான்."

"காலையில திறந்த பாட்டிலெல்லாம் குளிர் அறையில இருந்ததுங்க" என்றார் ஊற்றிக் கொடுக்கிறவர். "மத்ததுக்கு அங்கே இடம் பத்தலை. போன வாரம் வந்ததுலேர்ந்து பாய்லர் பக்கத்து அலமாரியிலதான் இருந்துச்சு. இன்னிக்குத்தான் ஐஸ்ல போட்டோம். இதே நம்பர்ல மூணாவது பாட்டில் ஒண்ணு காலையில பார்த்தா உடைஞ்சு கிடக்கு. எலி தள்ளிவிட்டிருக்கும்னு பெருக்கிப் போட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் அக்காக்காரியைப் பார்த்தார், அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எலியும் இல்லை, பூனையும் இல்லை. கூழைக் கடைசியில் போட்டிருக்கிறான். போட்டு, ஈஸ்ட்டைச் சாகடிக்காமல் அப்படியே மூடியிருக்கிறான். குளிரில் இருந்த பாட்டிலில் ஈஸ்ட் தூங்கிற்று, சர்க்கரை அப்படியே இருந்தது. வெக்கையில் இருந்ததில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டிருக்கிறது. "பழக்கூழைக் கடைசியில போட்டா வாசனை நிக்குமாக்கா?" என்று அவன் ஒரு நாள் கேட்கத்தான் கேட்டான். "நான் நடுவர், என்கிட்ட பீரைப் பத்தி வாயே திறக்காதே" என்று இவள்தான் வாயை அடைத்தாள். சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாத இடத்தில் பிடித்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

அந்தப் பின்னறை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. மத்தியான வெயில் நேரே விழுகிற அறை. மூலை வீடு என்பதால் அங்கேயும் தெருத்தூசி வருகிறது என்று ஜன்னலைத் திறக்கவேமாட்டார்கள். சுவரோடு சுவராக இடுப்பளவுக்குப் பெட்டிகள். நடுவில் பாயை விரித்து, பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியும் பாப்பாவும். பாய்லர் பக்கத்து அலமாரியே இந்த லட்சணம் என்றால் அந்த அறையை என்ன சொல்வது.

அக்காக்காரி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இப்பவா எழுந்திருக்கீங்க?" என்றார் ஸ்கேல். அவருக்குக் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை.

"என் தம்பியோடது. காலையிலேயே தெரியும். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க, இப்ப எனக்கு என் போன் வேணும்."

"பெட்டிச் சாவி ஆபீஸ்ல இருக்கு. முதல்ல நீங்க உக்காருங்க. இது சாதாரண விஷயம் இல்லை. நான் எழுதி வாங்கணும்."

"அவங்க வீட்டுல மிச்ச பாட்டிலெல்லாம் இருக்கு சார். குழந்தை அதுக்கு நடுவுல உக்காந்திருக்கு."

மருந்துக்கடைக்காரர்தான் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

கூடத்தில் தம்பிக்காரன் ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என்னக்கா, நீ இங்க வரக்கூடாதே. யாராவது பாத்துடப் போறாங்க. என்ன, கிடைச்சிடுச்சா?"

"வீட்டுக்குப் போன் போடு."

"இரு, மேடையில கூப்பிடட்டும். அவகிட்ட இப்பவே சொன்னா..."

"போடுடா. ரெண்டு பேரையும் அந்த ரூமை விட்டு வெளிய வரச் சொல்லு. பாட்டில் வெடிக்கப் போகுது."

அவன் சிரித்தான். "நேத்துகூடக் குடிச்சேனே நான். தேனாட்டம் இருந்துச்சு."

"எங்கே இருந்ததை எடுத்துக் குடிச்சே?"

"ஃபிரிட்ஜ்ல..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். ஆயிரம் இருந்தாலும் அவனும் பீர் காய்ச்சுகிறவன். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. போனை எடுத்தான். அவசரத்தில் வேறு எதையோ அழுத்தினான். அவள் பிடுங்கித் தானே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காமல் நின்றுபோயிற்று. மறுபடி போட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க, கையெல்லாம் பசைங்க" என்றது தம்பி பெண்டாட்டியின் குரல். "இன்னும் ரெண்டு பெட்டிதான் பாக்கி. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

"நான்தான்மா பேசறேன். போட்டது போட்டபடி கிடக்கட்டும். பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அந்த ரூமை விட்டு வெளிய வா. பாட்டில் எதையும் தொடாதே."

"என்ன அண்ணி, என்ன ஆச்சு? அவருக்கு ஏதாவது..."

"அவன் என் பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நிக்கறான். நீ வா."

"பாப்பா கையில ஒண்ணு வச்சிருக்காளே. கொண்டாடி இங்கே, அம்மாகிட்ட குடு."

கத்தினால் குழந்தை பயந்து பாட்டிலைப் போட்டுவிடும். அக்காக்காரி ஃபேக்டரியில் பேசுகிற மாதிரி, சாதாரணமாகப் பேசினாள்.

"பாப்பா, அத்தை பேசறேன். அந்தப் பாட்டிலை மெதுவாக் கீழ வை. வச்சிட்டு வாசலுக்கு ஓடணும். யாரு முன்னாடி போறதுன்னு உனக்கும் அம்மாவுக்கும் போட்டி. அம்மா உன்னைவிட வேகமா ஓடுவா, பாத்துக்க."

அந்தப் பக்கம் கண்ணாடி தரையில் படுகிற சத்தம் கேட்டது. தம்பிக்காரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பிறகு தடதடவென்று காலடிச் சத்தம், பாப்பாவின் சிரிப்பு, கதவு சாத்துகிற ஓசை, தாழ்ப்பாள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"வாசலுக்கு வந்துட்டோம் அண்ணி."

"இன்னும் தள்ளிப் போ. எதிர்ச் சாரிக்குப் போயிடு."

போனார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கூடத்தில் ஆள் ஆளுக்கு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஸ்கேல் வந்து கதவருகே நின்றார். போனில் தெருச் சத்தம்தான் கேட்டது, யாரோ காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்காரன் கண்ணைத் திறந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. ரத்தத்தோடு கோபமும் வந்தது.

"ஒண்ணும் ஆகலையேக்கா. உள்ளே சொல்லிட்டியா நீ? என்னோடதுன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப மெடல்?"

ஸ்கேல் நின்ற பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள் அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி, "அடுப்புல பால் வச்சிருந்தேன். ஒரு எட்டு உள்ளே போய் அணைச்சிட்டு வந்துடட்டுமா? பொங்கிடும்."

"பொங்கட்டும்."

"பின்னறைக்குப் போகலை அண்ணி, அது வாசலைத் தாண்டித்தான் போகணும், அவ்வளவுதான். இதோ வந்..."

"போகாதேன்னு சொல்றேன்ல" என்று அக்காக்காரி போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது.

அப்போது கேட்டது. சின்னச் சத்தம்தான், யாரோ கையைத் தட்டின மாதிரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல. ஒரு பாட்டில் பக்கத்துப் பாட்டிலை உடைக்க, அது அதற்கடுத்ததை உடைக்க, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கித் தெருவில் விழுகிற சத்தமும் கேட்டது. காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். தம்பி பெண்டாட்டி அழுகிறாளா, கடவுளைக் கூப்பிடுகிறாளா என்று புரியவில்லை.

நடுவில் பாப்பாவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "அத்தை, நான்தான் ஃபர்ஸ்ட்டு வந்தேன்."

"நீதான் கண்ணு ஃபர்ஸ்ட்டு" என்றாள் அக்காக்காரி. போனைத் தம்பியின் கையில் திணித்தாள்.

தம்பிக்காரன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸ்கேல் திரும்பி உள்ளே போனார். அவர் எழுதி வாங்க வேண்டியதை நாளைக்கு வாங்கிக்கொள்வார். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மருந்துக்கடைக்காரர் அவளுடைய கைப்பையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த மனிதர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. காலையில் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால், அதைச் சிரிப்பாக்காமல் இருந்திருந்தால், பாப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த அறையை விட்டு வந்திருப்பாள்.

அவள் தம்பி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவன் திரும்பிக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஏன்க்கா, அவ்வளவு சர்க்கரை இருந்திருக்கு. உன் நாக்குக்கு முதல் பாட்டில்லயே தெரியலையா?"

"முதல் பாட்டில்ல உன்னோடதுன்னு தெரிஞ்சுதுடா" என்றாள் அவள். "அதுக்கப்புறம் வேற எதுவும் தெரியலை."